அழுகை குறைந்தால் பாட்டியை மறந்துவிட்டதாக ஆகிவிடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்களை வளர்த்த பாட்டி, அம்மாவின் அம்மா, 86 வயதில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் மற்றவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் இன்னும் வாரத்தில் சில நாள் அழுகை வருகிறது. இறப்பதற்கு முந்தைய நாள் அவர் அழைத்தபோது ஃபோனை எடுக்காமல் விட்டது உறுத்துகிறது. அவர் குரலை நினைத்துப் பார்க்க முயன்றால் வரவே மாட்டேன் என்கிறது. ஆனால் ஒரு நாள் பக்கத்து அறையிலிருந்து அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அம்மா பாட்டியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். 'இது ஏதாவது நோயா, எப்போ சரியாகும்?' என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: 'போன வாரம் மூணு நாள் அவங்க நினைப்பே வரலை, அதை நினைச்சுத்தான் ரொம்பப் பயந்துட்டேன்.' உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அழுகை நிற்கவில்லையே என்ற கவலையைவிட, நின்றுவிட்டால் பாட்டியும் போய்விடுவாரோ என்ற பயம் பெரிதாக இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். இரண்டாவதற்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

நெருங்கியவர்களை இழந்து வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது பல ஆண்டுகளாக என் தொழில். அதனால் சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதிய சில பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு சொல்ல முடியாது. தூக்கம், பசி, வேலை, சிநேகிதர்களோடு பழக்கம் இதைப் பற்றியெல்லாம் நீங்கள் எழுதவில்லை. நேரில் வந்திருந்தால் முதலில் அவற்றைத்தான் கேட்டிருப்பேன்.

நோயா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 'நீடித்த துயரக் கோளாறு' என்று ஒன்று மருத்துவத்தில் இப்போது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் (2022 முதல் நடைமுறையில் உள்ள பதினோராம் பதிப்பு) இறப்புக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கழிந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, அதே 2022இல் வந்த திருத்தத்தில், பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. ஆக, உங்கள் எட்டு மாதம் ஒரு பட்டியலின்படி கோட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொன்றின்படி இந்தப் பக்கம். நிபுணர்கள் கூடிப் பேசி வரைந்த கோடு அது. அந்தத் தேதியில் உடம்புக்குள்ளோ மூளைக்குள்ளோ எதுவும் திரும்புவதில்லை. மாதக் கணக்கைவிட மற்ற நிபந்தனைகளே முக்கியம்: இறந்தவருக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய எண்ணமோ ஏறத்தாழ தினமும் ஆட்டிப்படைக்க வேண்டும், கூடவே, இறப்பையே நம்ப முடியாமை, தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டது போன்ற உணர்வு, மரத்துப்போதல், வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்ற நினைப்பு போன்றவற்றில் பலவும் சேர்ந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை அதனால் குலைந்திருக்க வேண்டும். வாரத்தில் சில நாள் அழுகிறவர், நடுவில் மூன்று நாள் நினைப்பே வராமல் இருந்தவர் இந்த வரையறைக்குள் வருவது கடினம். துயரத்தில் இருக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நீடித்த வகை வருகிறது என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தார்கள். அந்த எண்ணை நான் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்வேன். தொகுத்த ஆய்வுகள் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தியவை அல்ல. தவிர, இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களைப் பற்றியவை. வளர்ந்த பேரப்பிள்ளைகளை யாரும் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை.

'எப்போ சரியாகும்' என்பதற்குத் தேதி கிடையாது. ஐந்து கட்டங்கள் என்று எங்காவது படித்திருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றைச் சொன்னபோது, தீராத நோயில் தாங்களே இறந்துகொண்டிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்துச் சொன்னார். பிற்பாடுதான் அது அப்படியே இழந்து தவிப்பவர்கள் பக்கம் நகர்த்தப்பட்டது. 2007இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 233 பேரிடம் பார்த்தபோது, ஏற்புதான் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது. கஷ்டம் தரும் உணர்வுகளில் முதலிடம் ஏக்கத்துக்கு. அதாவது 'அவங்க இல்லை' என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று தேடிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம்.

இப்போது, எழுதும்போது நீங்கள் சற்றுக் கூச்சத்தோடு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்: 'பாட்டிக்குத்தானே, அதுவும் 86 வயசுக்கு மேல, இவ்வளவு அழணுமானு கேக்கறாங்க.' வயது சொல்வது இறப்பு எதிர்பார்த்ததா என்பதை மட்டும்தான். உறவு எவ்வளவு ஆழம் என்பதை அது சொல்லாது. 86 வயதில் ஒருவர் போகும்போது, உங்களைப் பிறந்த நாளிலிருந்து அறிந்த ஒருவர் போகிறார். உங்களைப் பற்றி உங்களுக்கே நினைவில்லாத வருடங்களுக்கு அவர் சாட்சி. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி பற்றுறவைப் (குழந்தைக்கும் அதைப் பேணுபவருக்கும் உள்ள பிணைப்பைப்) பற்றி எழுதியதிலிருந்து இந்தத் துறையில் ஒன்று நன்றாக நிலைத்துவிட்டது: குழந்தை யாரிடம் ஓடிப் போய் ஆறுதல் தேடியதோ அவர்தான் அதன் பாதுகாப்பு, பெற்றவரா, பாட்டியா, வளர்த்தவரா என்பது இரண்டாம்பட்சம். உங்கள் பெற்றோர் வேலைக்குப் போன அந்தப் பதினோரு ஆண்டும் பள்ளி விட்டு வந்து நீங்கள் ஓடியது பாட்டியிடம் என்றால், நீங்கள் இழந்தது உறவுமுறைப் பட்டியலில் 'பாட்டி' என்று இருந்தாலும், மனதின் கணக்கில் அது வேறு இடம்.

ஊர் ஒப்புக்கொள்ளாத துயரம் என்று ஒன்று உண்டு. கென்னத் டோகா 1989இல் அதற்குப் பெயர் கொடுத்து எழுதினார். இழந்தவருக்கு அழும் உரிமை இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லாமலே சொல்லிவிடும் நிலை அது. பேரப்பிள்ளைகளுக்கு இது இன்னொரு வகையிலும் நடக்கிறது, இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் முதல் துக்கம் அம்மாவுடையது, மாமாவுடையது. வருகிறவர்களெல்லாம் பேத்தியின் தோளைத் தட்டி 'அம்மாவைப் பாத்துக்கோ' என்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் துக்கம் காப்பவர் பட்டியலிலிருந்து ஆறுதல் சொல்பவர் பட்டியலுக்கு மாற்றப்பட்டுவிடுகிறீர்கள். யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது, யார் எங்கே தங்குவது, மருத்துவமனைக் கணக்கு என்று எல்லாம் உங்கள் தலையில். அம்மா கொஞ்சம் தேறிய பிறகு, நான்கைந்து மாதம் கழித்து, உங்கள் முறை வருகிறது. அதற்குள் மற்றவர்களுக்கு அது முடிந்துபோன விஷயம். 'இவ ஏன் இப்ப அழறா?' என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆய்வு எதையும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. என்னிடம் வந்த பேரப்பிள்ளைகள் பலரிடம் கண்ட ஒற்றுமை இது. உங்களுக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக உங்கள் அண்ணனைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். அவர் இரண்டாவது வாரமே வேலைக்குப் போய்விட்டார், சிரித்துப் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஜார்ஜ் பொனானோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்தவர்களில் கணிசமானவர்கள் பெரிய குலைவு இல்லாமலே நாட்களை நடத்தினார்கள். அவர்கள் துக்கத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள், பின்னால் ஒரு நாள் வெடிக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் அகப்படவில்லை. ஒரே பாட்டியின் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு இழப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் விடுமுறைக்குப் பார்த்த பாட்டி வேறு, நீங்கள் தினமும் பார்த்த பாட்டி வேறு.

குரலுக்கு வருவோம். கூப்பிட்டால் வராத குரல், கூப்பிடாதபோது வந்தது. இது உங்களைக் குழப்பியிருக்கிறது, ஆனால் நினைவு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் முரண் இல்லை. வேண்டுமென்று முயன்று ஒன்றை மனதுக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. எதிரில் வந்ததை 'இது அவர்தான்' என்று அடையாளம் காண்பது வேறு வேலை. இரண்டாவது எப்போதுமே எளிது. முயன்று வரவழைப்பதில் குரல் பலருக்கும் முகத்தைவிடக் கஷ்டம். உயிரோடு இருக்கும் சிநேகிதியின் குரலை இப்போது மனதுக்குள் ஒலிக்க வைத்துப் பாருங்கள். அதுவும் மங்கலாகத்தான் வரும். ஆனால் அவர் ஃபோனில் 'ம்' என்றாலே தெரிந்துவிடும். பாட்டியின் குரலும் உங்களிடம் அந்த இரண்டாவது வடிவத்தில் பத்திரமாக இருக்கிறது. நாளை ஒரு பழைய பதிவில் அது வந்தால் ஒரு நொடியில் அடையாளம் தெரியும். முன்பு யார் குரலையும் நீங்கள் இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை, அதனால் இது புதிய இழப்பு போலத் தெரிகிறது. தூக்கம் கெட்டு மனம் நெருக்கடியில் இருக்கும்போது வேண்டியதை நினைவிலிருந்து எடுப்பது இன்னும் சிரமமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து அறையிலிருந்து கேட்டது? பயப்பட வேண்டாம் என்று துணிந்து சொல்வேன். வேல்ஸில் மருத்துவராக இருந்த டெவி ரீஸ், தன் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, பார்த்தோ, கேட்டோ இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை, பைத்தியம் என்பார்களோ என்ற பயம் ஒரு காரணம். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் இது பரவலானது என்றே காட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒரு குரல் கூப்பிட்டுப் பழகிய வீட்டில், வேறேதோ சத்தம் வரும்போது மூளை பழைய விடையைப் போட்டுவிடுகிறது என்று விளக்குபவர்கள் உண்டு. அது நியாயமான ஊகம்தான், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அதைப் பாட்டியே வந்ததாக நீங்கள் நம்பினால் அதில் தலையிடுவது என் வேலையும் அல்ல. குரல் ஏதாவது செய்யச் சொல்லி ஏவினால், திட்டினால், நாள் முழுக்க விடாமல் தொடர்ந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இதோடு ஒட்டிய ஒன்று: கண்ணை மூடினால் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த பாட்டிதான் வருகிறார் என்கிறீர்கள். இது பலருக்கு நேர்கிறது. கடைசி வாரங்கள் புதியவை, பயத்தோடு பதிந்தவை, அதனால் அவை முன்னால் வந்து நிற்கின்றன. என் அனுபவத்தில், காலம் போகப் போகப் பழைய பாட்டி திரும்புகிறார். அறுபது வயதில் உங்களைத் துரத்திக்கொண்டு ஓடியவர், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தவர். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் மற்றவர்களோடு உட்கார்ந்து பழைய நாட்களைப் பேசியவர்களுக்கு அது சீக்கிரம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எடுக்காத அந்த அழைப்பு. இதற்கு நான் 'அதெல்லாம் உன் தப்பில்லை' என்று சொல்லி நகர்ந்தால் உங்களுக்கு அது போதாது, ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். வேறு மாதிரி பார்ப்போம். ஃபோன் அடித்த அந்த நேரத்தில் அது கடைசி அழைப்பு அல்ல. வழக்கமான அழைப்பு, அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு நடுவில். அது கடைசி என்ற பெயரை மறுநாள்தான் பெற்றது. அந்தப் பெயரோடு பின்னோக்கிப் போய், தெரியாதபோது செய்ததை, தெரிந்த பிறகு விசாரிக்கிறீர்கள். பின்னால் தெரிந்ததை முன்பே தெரிந்திருந்ததாக நினைப்பது மனித மனதின் பழக்கம், அது பல சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

இன்னொன்றும் இங்கே சேர்கிறது. டேனியல் கானெமனும் அவர் குழுவும் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கை வைத்திருப்பது ஒரு முறை. அதே ஒரு நிமிடத்தோடு, நீரைச் சற்றே குளிர் தணித்து இன்னும் அரை நிமிடம் வைத்திருப்பது மற்றொரு முறை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். ஒரு அனுபவத்தின் நீளத்தை நினைவு கிட்டத்தட்டப் புறக்கணித்து, உச்சத்துக்கும் முடிவுக்கும் அதிக எடை கொடுக்கிறது. நீர்த் தொட்டியில் கண்டதை ஒரு உறவின் மேல் பொருத்துவது என் துணிச்சல், அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஆனால் முப்பது ஆண்டு உறவை ஒரு தவறிய அழைப்பு தீர்மானிப்பது போல உங்களுக்குத் தோன்றும்போது, நினைவு தன் வழக்கமான கோணலான கணக்கைப் போடுகிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. அவர் அழைத்து நீங்கள் எடுத்த நாட்கள் எத்தனை, நீங்களாகவே அழைத்த நாட்கள் எத்தனை? ஃபோனின் அழைப்புப் பட்டியல் இன்னும் அழியாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலருக்கு அந்தப் பட்டியல் என் பேச்சைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. சிலருக்கு உறுத்தல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இருக்கட்டும். அன்பு இருந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தல் தங்குவதை முழுக்கத் துடைக்க முடியும் என்று நான் நம்புவதில்லை.

சரி, மறந்துவிடும் பயம். 1917இல் ஃபிராய்ட் எழுதிய கட்டுரை ஒன்று ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு இந்தத் துறையை ஆண்டது. துக்கத்தின் வேலை, இறந்தவர் மேல் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி விடுவதுதான் என்று அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்டார்கள். 'மறந்துட்டு வாழ்க்கையைப் பாரு' என்று இன்று உங்களிடம் சொல்கிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதைச் சொல்கிறார்கள். ஃபிராய்டின் சொந்த வாழ்க்கை அதற்கு ஒத்துவரவில்லை என்பது வேறு கதை. 1920இல் மகள் சோஃபியை இழந்தார், 1923இல் அவள் மகனை, நான்கு வயதுப் பேரனை. 1929இல், மகனை இழந்திருந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்துக்கு மாற்று ஒருபோதும் கிடைக்காது, அப்படி இருப்பதுதான் சரி என்ற பொருளில் எழுதினார். பேரனுக்காக உருகிய அந்தத் தாத்தாவை, கட்டுரை எழுதிய ஃபிராய்டைவிட நான் அதிகம் நம்புகிறேன்.

1996இல் டென்னிஸ் கிளாஸும் உடன் ஆய்வாளர்கள் இருவரும், இறந்தவரோடு உள்ள உறவு அறுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்று வாதிட்டார்கள். இன்று பெரும்பாலான ஆலோசகர்கள் அந்தப் பக்கம்தான். தொடரும் உறவு எல்லோருக்கும் எப்போதும் நல்லதா என்றால், அதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பாட்டி இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று மனதுக்குள் கேட்டுப் பார்ப்பவர்கள் பொதுவாக நன்றாகவே இருக்கிறார்கள். அவர் அறையில் ஒரு பொருளையும் நகர்த்த விடாமல், அவர் திரும்பி வரப்போவதுபோல வைத்துக் காப்பவர்கள் சிலர் கஷ்டப்படுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று பொதுவாக வரைய முடியாது.

நினைப்பே வராத அந்த மூன்று நாளைப் பற்றி 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஷுட்டும் சொன்னது உதவும். இழப்பின் பக்கம் போவதும், அதை விட்டு அன்றாட வேலைகளின் பக்கம் போவதும், இப்படி மாறி மாறிப் போய் வருவதுதான் துயரத்தைத் தாங்கும் விதம் என்றார்கள். ஓயாமல் ஒரே பக்கம் நிற்பவர்களுக்குத்தான் சிக்கல். மூன்று நாள் நீங்கள் மறுபக்கம் இருந்தீர்கள், அவ்வளவுதான். பாட்டி உயிரோடு இருந்தபோதும் அவரை நினைக்காமல் மூன்று நாள் போயிருக்கும். அப்போது அதை மறதி என்று நீங்கள் சொல்லவில்லை.

இனி ஒரு கசப்பான உண்மை. சில விவரங்கள் போகத்தான் செய்யும். எந்த ஆண்டு எந்த வீட்டில் இருந்தோம், யார் யாரோடு சண்டை, எந்தக் கதையை எப்படி முடிப்பார் என்பதெல்லாம் கலங்கும். நினைவு பெட்டியில் வைத்த புகைப்படம் போல அப்படியே கிடப்பதில்லை; ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. ஃபிரெட்ரிக் பார்ட்லெட் 1932இலேயே காட்டியது இது: ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால், சொல்பவர் அறியாமலே அது சுருங்கி, அவருக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதனால் எழுதி வைப்பதென்றால் இப்போதே எழுதுங்கள், பலமுறை சொல்லித் தேய்வதற்கு முன்.

எழுதினால் துயரம் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மனதில் உள்ளதை எழுதுவதால் நன்மை உண்டு என்று ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகள் புகழ்பெற்றவை. ஆனால் இறப்புத் துயரத்தில் அதைச் சோதித்தபோது பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. நான் எழுதச் சொல்வது மருந்தாக அல்ல. விவரங்களைக் காப்பாற்ற அதைவிட மலிவான வழி இல்லை என்பதால் சொல்கிறேன்.

என்ன எழுதுவது என்பதில் பலரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். 'அன்பே உருவானவர், தன்னலம் அறியாதவர், எல்லோருக்கும் உதவியவர்.' இதை யாருடைய பாட்டிக்கு வேண்டுமானாலும் எழுதலாம், பத்து வருடம் கழித்துப் படித்தால் ஒன்றும் எழுந்து வராது. அற்பமாகத் தோன்றுவதை எழுதுங்கள். ஃபோனை எந்தக் காதில் வைப்பார், வைத்துக்கொண்டு எவ்வளவு சத்தமாகப் பேசுவார்? கண்ணாடியைத் தேடும்போது யாரைத் திட்டுவார்? எந்த வார்த்தையை அவர் மட்டும் ஒரு மாதிரி உச்சரிப்பார்? பிடிக்காதவர்கள் வந்தால் முகம் எப்படிப் போகும்? பணத்தை எங்கே ஒளித்து வைப்பார்? படி ஏறும்போது எந்தக் கை முட்டியைப் பிடிக்கும்? அவர் சொன்ன வாக்கியங்களை அவர் சொன்னபடியே, வழக்கில், இலக்கணம் திருத்தாமல் எழுதுங்கள். குரல் நினைவுக்கு வரவில்லை என்று தவிக்கும் பலருக்கு, அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசவைச் சரியான சொற்களோடு எழுதிய மறுநிமிடம் குரலும் கூடவே வந்திருக்கிறது. தானாக வரும் நினைவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு சிறு தூண்டுதல் தேவை. சொல், பாட்டு, வாசனை எதுவும் ஆகலாம். வாசனை வரும் பாதை, மற்றப் புலன்களின் பாதையைப் போலன்றி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு மிக நெருக்கமாக, குறுக்கு வழியில் இணைந்திருக்கிறது. அவர் உடுத்திய துணி ஒன்று துவைக்காமல் இருந்தால் காற்றுப் புகாத உறையில் போட்டு மூடி வையுங்கள். அடிக்கடி திறந்தால் வாசனை போய்விடும். எப்படியும் ஒரு நாள் போகும் என்பதையும் தெரிந்துகொண்டு வையுங்கள்.

குறைகளையும் எழுதுங்கள். பேரன்களுக்கு ஒரு நியாயம் பேத்திகளுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தாரா, அம்மாவைச் சொல்லால் குத்தினாரா, ஒரு சித்தப்பாவை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லையா, அதையும் எழுதுங்கள். இறந்த சில மாதங்களில் எல்லோரும் அவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள். தெய்வத்துக்கு முட்டி வலிக்காது, கோபம் வராது, அதனால் அவரை நினைத்துக்கொள்வதும் கஷ்டமாகிவிடும். நீங்கள் ஏங்குவது சண்டையும் போட்ட அந்த மனுஷிக்காகத்தானே.

நீங்கள் கண்ணால் கண்டதையும், அம்மா சொல்லக் கேட்டதையும் வேறு வேறாகக் குறித்து வையுங்கள், யார் சொன்னது என்ற பெயரோடு. மாமா சொல்வதும் அம்மா சொல்வதும் மோதும். சமரசம் செய்ய வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். குரல் பதிவு ஏதாவது இருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தியோ, யாருடைய திருமண வீடியோவிலோ பின்னால் கேட்கும் பேச்சோ, அதைத் தனியாக எடுத்து இரண்டு வேறு இடங்களில் நகல் வையுங்கள். ஃபோன் மாற்றும்போதுதான் பலருடைய பாட்டிகள் தொலைகிறார்கள். உடனே கேட்க வேண்டும் என்று இல்லை. பத்திரப்படுத்துவது இன்றைய வேலை, கேட்பது உங்களுக்கு முடிகிறபோது.

இன்னும் நான்கு மாதத்தில் ஓராண்டு நிறையும். அந்த வாரங்களில் அழுகை மறுபடி கூடினால் பின்னுக்குப் போய்விட்டதாக எண்ண வேண்டாம், அது பலருக்கும் நடப்பது. அவர் பிறந்த நாளுக்கும் அப்படியே. ஆனால் அதன் பிறகும் ஏக்கம் தினமும் அதே வேகத்தில் இருந்து, வேலைக்குப் போக முடியாமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்தால் தேதி பார்க்காமல் உதவி தேடுங்கள். அந்த நீடித்த வகைக்கென்றே கேத்தரின் ஷியர் வடிவமைத்த பேச்சு சிகிச்சை 2005இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் இன்னொரு வகைப் பேச்சு சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. 2016இல் அவரே நடத்திய இன்னொரு சோதனையில், மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்ததால் துயரம் கூடுதலாகக் குறையவில்லை. கூடவே இருந்த மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. மாத்திரை வேண்டுமா என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நானும் பாட்டியோடு போய்விட வேண்டும், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எந்த மாதத்தில் வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக அம்மா. அவர் பேச்சை எடுப்பதில்லை, நான் எடுத்தால் காயப்படுத்திவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். அவரும் உங்களைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். பல வீடுகளில் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணி மௌனமாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது. 'அம்மா, எப்படி இருக்கே?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று முடிந்துவிடும். அவருக்கு மட்டும் விடை தெரிந்த ஒரு சின்னக் கேள்வியாகக் கேளுங்கள், வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல்: 'பாட்டி உன்னை எதுக்காவது அடிச்சிருக்காங்களாம்மா?' 'வேண்டாம், இப்ப அந்தப் பேச்சு வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள், சில வாரம் கழித்து வேறு கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் திருத்தாமல், உங்கள் கதையைச் சேர்க்காமல் கேளுங்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு ஃபோனில் பதிவு செய்துகொள்ளலாம், அது அம்மாவின் குரலும்கூட.